அசிக்னாத்சியா சேகரிக்கத் தொடங்குகிறேன்: 1808ஆம் ஆண்டின் 25 ரூபிள் தாளை வாங்கலாமா?

நெடுந்தாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரஷ்யப் பேரரசின் பணத்தாள்களை ஆறு ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். இதுவரை என்னிடம் சேர்ந்தவை எல்லாம் இரண்டாம் நிக்கோலாஸ் காலத்தவை. 1898ஆம் ஆண்டின் 1 ரூபிள், 1909ஆம் ஆண்டின் 5, 10, 25 ரூபிள் தாள்கள், இரண்டாம் கேத்தரினின் உருவம் தாங்கிய 1910ஆம் ஆண்டின் 100 ரூபிள், முதலாம் பீட்டரின் உருவம் தாங்கிய 1912ஆம் ஆண்டின் 500 ரூபிள் ஆகியவை அவற்றுள் அடங்கும். அச்சுக்கலையைப் பொறுத்தவரை இவை அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே எண்வரிசையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் தாள்களை வாங்கி அடுக்குவதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. அவற்றுக்கு முந்தைய காகிதப் பணத்தை நோக்கி, அதாவது அசிக்னாத்சியாக்களை நோக்கி, நகர விரும்புகிறேன்.

இந்நிலையில் ஒரு விற்பனையாளர் 1808 என்று ஆண்டிட்ட 25 ரூபிள் தாள் ஒன்றைக் காட்டினார். அது நெப்போலியன் ரஷ்யாவின் மீது படையெடுத்தபோது பிரான்சில் அச்சிடச் செய்த போலி என்றும், அதனால்தான் அதற்கு விலை கூடுதல் என்றும் சொல்கிறார். முன்பக்கத்தின் ஒளிப்படம் மட்டுமே என்னிடம் உள்ளது. தாள் வெண்மையாகவும் தூய்மையாகவும், நடுவில் ஒரே ஒரு மடிப்புடனும் தெரிகிறது.

அவர் சொல்வதைச் சரிபார்க்க வழி உண்டா? போலி என்று தெரிந்தே ஒரு தாளை வாங்கிச் சேகரிப்பில் வைப்பது முறைதானா? அதை விட்டுவிட்டால், தொடக்கநிலையில் இருப்பவர் எந்தத் தாளிலிருந்து ஆரம்பிப்பது நல்லது?

செப்புத்தகடு எழுதியது:

உங்கள் கேள்விகளில் நடுவில் உள்ளதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். நெப்போலியன் காலப் போலியைச் சேகரிப்பது முற்றிலும் முறையானதே. அது ஓர் அரசு இன்னோர் அரசின் மீது தொடுத்த பொருளாதாரப் போரின் எச்சம். 1809இல் வியன்னாவைப் பிடித்தபோது ஆஸ்திரியப் பணத்தாள்களிலும் இதே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் "நெப்போலியன் போலி" என்னும் பெயரைச் சூட்டினால் எந்தத் தாளையும் விற்றுவிடலாம் என்பதை விற்பனையாளர்கள் நன்கு அறிவார்கள். எனவே கதையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

அதற்கு அசிக்னாத்சியா எப்படிப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் பீட்டர் 1762இலேயே காகிதப் பணம் வெளியிட ஆணையிட்டிருந்தார். ஆனால் அதற்குள் அவரே ஆட்சியிலிருந்து கவிழ்க்கப்பட்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை. அவரைக் கவிழ்த்து அரியணை ஏறிய மனைவி கேத்தரின், துருக்கியுடன் போர் மூண்ட வேளையில் அதே திட்டத்தைக் கையில் எடுத்தார். பழைய நாள்காட்டிப்படி 1768 டிசம்பர் 29ஆம் நாளிட்ட அறிக்கையின் வழியே பீட்டர்ஸ்பர்கிலும் மாஸ்கோவிலும் இரண்டு வங்கிகள் நிறுவப்பட்டன. அந்த நாள் நம்முடைய நாள்காட்டியில் 1769 ஜனவரி 9 ஆகும். பட்டியல்கள் எல்லாம் 1769 என்றே தொடங்குவது இதனால்தான்.

போர்ச்செலவு ஒரு காரணம் என்றால், செம்பு இன்னொரு காரணம். அக்காலத்தில் ஒரு பூட் செம்பிலிருந்து, அதாவது 16 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையிலிருந்து, 16 ரூபிளுக்கான காசுகள் அடிக்கப்பட்டன. அப்படியானால் 100 ரூபிளைச் செம்பில் கொடுப்பதற்கு ஏறத்தாழ 102 கிலோ எடையைச் சுமக்க வேண்டும். வரிப்பணத்தைத் தலைநகருக்குக் கொண்டுவர வண்டி பூட்டிய நாட்டில், அதே தொகைக்கு ஒரு தாள் போதும் என்றதும் மக்கள் அதை விரும்பியே ஏற்றார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு வங்கிக்கும் 5 லட்சம் ரூபிள் மதிப்புள்ள செப்புக்காசு பிணையாக ஒதுக்கப்பட்டது.

முதல் வெளியீட்டில் 25, 50, 75, 100 ரூபிள் என நான்கு மதிப்புகள் இருந்தன. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஒரு பக்கம் மட்டுமே அச்சு, ஏறத்தாழ 190க்கு 250 மில்லிமீட்டர் அளவு, படமோ வண்ணமோ இல்லை. "இந்த அரசு அசிக்னாத்சியாவைக் கொண்டுவருபவருக்கு வங்கி இத்தனை ரூபிளை நடப்பு நாணயத்தில் அளிக்கும்" என்னும் பொருளில் அமைந்த வாசகம், எண், கையொப்பங்கள் ஆகியவற்றுடன் ஒரு கடன்பத்திரம் போலவே அது தோன்றும். பாதுகாப்பு முழுவதும் தாளுக்குள் ஒளிந்திருந்தது. ஓரங்களில் எழுத்துகளாலான நீர்க்குறி ஓடும். "தாய்நாட்டின் மீதான அன்பு அதன் நலனுக்காகச் செயல்படுகிறது" என்பது அதன் பொருள். நான்கு மூலைகளிலும் மாஸ்கோ, அஸ்த்ரகான், கசான், சைபீரியா ஆகியவற்றின் சின்னங்கள் இருக்கும். மேற்பகுதியில் நீள்வட்ட வடிவில் இரண்டு புடைப்பு முத்திரைகள் உண்டு. ஒன்றில் கழுகும் பீரங்கிகளும் கொடிகளும், மற்றொன்றில் கொந்தளிக்கும் கடலின் நடுவே அசையாமல் நிற்கும் பாறையும், "ஊறுபடாதது" என்னும் பொருளுடைய ஒரே சொல்லும் இருக்கும்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் மோசடிக்கு அதிக நாள் ஆகவில்லை. ரஷ்ய மொழியில் இருபத்தைந்து, எழுபத்தைந்து என்னும் இரண்டும் "ஐந்து" என்னும் சொல்லில்தான் முடியும். முன்பாதியைச் சுரண்டி மாற்றினால் 25 ரூபிள் தாள் 75 ஆகிவிடும். இந்தத் திருத்தம் பெருகியதால் 1771இல் 75 ரூபிள் தாளை அடியோடு நிறுத்தினார்கள். அந்த மதிப்பில் உண்மையான தாள் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் 1808ஆம் ஆண்டுத் தாளுக்கு வருகிறேன். 1786இல் இரண்டு வங்கிகளும் அரசு அசிக்னாத்சியா வங்கி என்னும் ஒரே அமைப்பின் கீழ் வந்தன. அதன் பிறகு புதிய வடிவத்தில் வெளியான தாள்களில் நகரத்து வங்கியின் பெயருக்குப் பதிலாக "அசிக்னாத்சியா வங்கி" என்பதே இடம்பெற்றது. உங்கள் தாள் இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இதில் பிரெஞ்சுப் போலியைப் பிரித்தறிய மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது கையொப்பம். உண்மைத் தாளில் அதிகாரிகள் மாசிக்காய் மையால் தம் கைப்படக் கையொப்பம் இட்டார்கள். அந்த மை காலப்போக்கில் பழுப்பேறும், தாளுக்குள் இறங்கிப் பின்பக்கத்திலும் நிழலாகத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் கையொப்பத்தையும் செப்புத் தகட்டிலேயே செதுக்கி அச்சிட்டுவிட்டார்கள். அதனால் அது வாசகத்தின் அதே கருமையில் சீராக இருக்கும். இரண்டாவது எழுத்துப்பிழை. "அரசு" என்னும் பொருளுடைய சொல்லிலும், "நடப்பு" நாணயம் என்னும் சொல்லிலும் "த" ஒலிக்குரிய எழுத்து வர வேண்டிய இடத்தில் "ல" ஒலிக்குரிய எழுத்து செதுக்கப்பட்ட போலிகள் உண்டு. ரஷ்ய எழுத்துமுறையில் இவ்விரண்டும் கூரை போன்ற உருவமுடையவை, ஒன்றுக்கு அடியில் இரண்டு சிறு கால்கள் கூடுதல், அவ்வளவுதான். மொழி அறியாத செதுக்குநர் அந்தக் கால்களைத் தவறவிட்டதில் வியப்பில்லை. மூன்றாவது தாள். போலிகளின் தாள் சற்று நீலம் பாய்ந்தது, பெரும்பாலும் உண்மைத் தாளைவிடத் தரமானது. நீர்க்குறி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அதேபோல் எழுத்துப்பிழை இல்லை என்பதும் உண்மைத்தாள் என்பதற்குச் சான்றாகாது.

பின்பக்கத்தையும், ஒளிக்கு எதிரே பிடித்து எடுத்த படத்தையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஓரமடிப்பு எழுதியது:

நண்பர் செப்புத்தகடு சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தொடக்கநிலையில் உள்ளவரை நேரே 25 ரூபிள் தாளிடம் அனுப்புவது சரியா என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. போலியை அடையாளம் காண வேண்டுமானால் உண்மையான தாள் எப்படி இருக்கும் என்பதைக் கை முதலில் அறிந்திருக்க வேண்டும். ஆகவே 5 ரூபிள் அல்லது 10 ரூபிள் தாள் ஒன்றை வாங்குவதிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

இந்தச் சிறுமதிப்புத் தாள்கள் 1786ஆம் ஆண்டு அறிக்கையின்படி மறு ஆண்டு வெளிவந்தவை. 5 ரூபிளுக்கு நீல நிறமும் 10 ரூபிளுக்குச் சிவப்பு நிறமும் அப்போது வழங்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைக் கொண்டே மதிப்பை அறிந்தார்கள். நீலத்தாளைச் "சினீத்சா" என்று அழைத்தார்கள். நீலச்சிறகுடைய ஒரு சிறு குருவியின் பெயர் அது. உங்களிடம் உள்ள 1909ஆம் ஆண்டின் 5, 10 ரூபிள் தாள்களை எடுத்துப் பாருங்கள். அதே நீலமும் அதே சிவப்பும் 120 ஆண்டுகளுக்குப் பின்னும் தொடர்வதைக் காண்பீர்கள்.

அதே அறிக்கையில் அரசு தந்த ஒரு வாக்குறுதியும் இருந்தது. புழக்கத்தில் உள்ள அசிக்னாத்சியாக்கள் எக்காலத்திலும் 10 கோடி ரூபிளைத் தாண்டமாட்டா என்பதே அது. கேத்தரின் இறந்த 1796இல் அத்தொகை 15 கோடியே 77 லட்சமாக இருந்தது. காகித ரூபிளின் மதிப்பு வெள்ளியில் 70 கோபெக்கை (100 கோபெக் ஒரு ரூபிள்) ஒட்டி இறங்கியிருந்தது. அவருடைய மகன் பால் 1797இல் குளிர்கால அரண்மனைக்கு முன்னே 50 லட்சம் ரூபிளுக்கும் மேற்பட்ட தாள்களைக் கொளுத்திக் காட்டினார். பிறகு பணம் தேவைப்பட்டதும் மீண்டும் அச்சிடத் தொடங்கிவிட்டார். 1817இல் புழக்கத்தில் இருந்த தொகை 83 கோடி 60 லட்சம். இதற்கு நெப்போலியனின் போலிகளைவிட உண்மையான தாள்களே பெரிய காரணம் என்பது என் கருத்து.

சேகரிப்பாளருக்கு இந்தப் பெருக்கத்தால் ஒரு நன்மை உண்டு. அதிகம் அச்சிட்டார்கள் என்பதால் 19ஆம் நூற்றாண்டின் 5, 10 ரூபிள் தாள்கள் ஏலங்களில் தொடர்ந்து வருகின்றன. திரும்ப வந்த பழைய தாள்களை அரசு எரித்துவிட்டதால், எஞ்சியிருப்பவை பெரும்பாலும் யாரோ மாற்ற மறந்தவை அல்லது மறைத்து வைத்து எடுக்காமல் போனவை. நான்காக மடித்து, மடிப்புகள் கூடும் நடுப்புள்ளியில் சிறு துளை விழுந்து, ஓரம் நைந்து இருப்பதே இவற்றின் இயல்பான நிலை. நிக்கோலாஸ் காலத் தாள்களில் பழகிய கண்ணுக்கு இது உறுத்தும். 200 ஆண்டுப் பழமையுடைய தாளில் துளி மடிப்பும் இல்லை என்றால்தான் எனக்கு ஐயம் எழும். ஒட்டிச் சீரமைத்த தாளை வாங்குவதில் தவறில்லை, சீரமைத்ததை மறைத்து விற்பதுதான் தவறு. சாய்வாக ஒளி பாய்ச்சிப் பார்த்தால் ஒட்டுத்தாளின் விளிம்பு தெரிந்துவிடும்.

இன்னொரு எளிய வாயிலும் உண்டு. 1818இல் பீட்டர்ஸ்பர்கின் ஃபொந்தான்கா ஆற்றங்கரையில் அரசு ஆவணங்களைத் தயாரிக்கும் அச்சகத்தை ஸ்பானியப் பொறியாளர் அகஸ்டின் தெ பெத்தான்கூர் அமைத்தார். காகிதம் செய்வதும் அச்சடிப்பதும் ஒரே இடத்துக்கு வந்தன. 1819 முதல் வெளியான தாள்களில் சிறகு தாழ்த்திய இரட்டைத்தலைக் கழுகைக் காணலாம். வங்கி மேலாளர் இளவரசர் ஹவான்ஸ்கியின் கையொப்பம் அச்சாகவும், காசாளரின் கையொப்பம் கைப்படவும் இருக்கும். ஒரே தாளில் அச்சுக் கையொப்பமும் மைக் கையொப்பமும் அருகருகே இருப்பதால், நண்பர் மேலே விளக்கிய வேறுபாட்டைப் பயில இதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. இந்த வரிசையில் 5 ரூபிள் தாளை முதலில் வாங்குங்கள்.

நெடுந்தாள் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 5 ரூபிள் தாள் பற்றிய அறிவுரையை ஏற்றுக்கொள்கிறேன். நிறம் தொடர்ந்து வருவதை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தது எனக்கே வெட்கமாக உள்ளது.

விற்பனையாளர் பின்பக்கப் படத்தையும் ஒளிக்கு எதிரே எடுத்த படத்தையும் தயங்காமல் அனுப்பினார். பின்பக்கத்தில் மை ஊடுருவிய தடம் ஏதும் இல்லை. கையொப்பங்கள் வாசகத்தைப் போலவே கறுப்பாக உள்ளன. நீர்க்குறி இருக்கிறது. "அரசு" என்னும் சொல்லில் கால்கள் உள்ளனவா இல்லையா என்பதை மடிப்பு மறைத்துவிட்டது. "நடப்பு" என்னும் சொல்லில் பிழை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் பிழையைக் காண வேண்டும் என்னும் ஆவல் என் கண்ணை ஏமாற்றுகிறதோ என்ற அச்சமும் உண்டு.

மேலும் ஒன்று கேட்க வேண்டும். நிக்கோலாஸ் காலத் தாள்களில் ஆண்டு அச்சிடப்பட்டிருந்தாலும் அவை அந்த ஆண்டில் அச்சானவை அல்ல என்று படித்தேன். அசிக்னாத்சியாவிலும் அப்படித்தானா?

செப்புத்தகடு எழுதியது:

இல்லை. 1909 என்று உங்கள் தாளில் இருப்பது அந்த வடிவம் அறிமுகமான ஆண்டு. அது எப்போது அச்சானது என்பதை அரசு வங்கி மேலாளரின் கையொப்பமே சொல்லும். கோன்ஷின் என்றால் 1910க்கும் 1914க்கும் இடையில், ஷிபோவ் என்றால் 1914க்குப் பிறகு. பேரரசர் பதவி துறந்த பின்னரும் ஷிபோவின் கையொப்பத்துடன் அதே தகடுகளிலிருந்து அச்சு தொடர்ந்ததால், உங்களிடம் உள்ள தாள்களில் சில பேரரசு மறைந்த பிறகு பிறந்தவையாகவே இருக்கலாம். அசிக்னாத்சியாவில் காணும் ஆண்டு அந்தத் தாளின் ஆண்டே. ஆகவே ஒரே மதிப்பை ஆண்டுவாரியாகச் சேகரிக்க முடியும், எவ்வளவு அரிதாகக் கிடைக்கும் என்பதும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும்.

போலி பற்றிக் கண்ணை நம்ப வேண்டாம் என்று நீங்களே எச்சரிக்கையாக இருப்பது நல்லது. கையொப்பத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மனிதர் இரண்டு முறை இடும் கையொப்பங்கள் ஒருபோதும் மயிரிழை பிசகாமல் ஒத்திருக்கமாட்டா. போலி என்று உறுதியான இன்னொரு 25 ரூபிள் தாளின் படத்தை உங்கள் படத்தின் மீது பொருத்திப் பாருங்கள். கையொப்பங்கள் முழுவதும் ஒன்றினால், இரண்டும் ஒரே தகட்டின் பிள்ளைகள். ஒன்றாவிட்டால் அதைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாது, ஏனெனில் வேறு தகடாக இருக்கலாம்.

ஓரமடிப்பு எழுதியது:

என்னிடம் உறுதி செய்யப்பட்ட பிரெஞ்சுப் போலி ஒன்று உள்ளது. அதன் படத்தைத் தனிச்செய்தியில் அனுப்பியுள்ளேன், பொருத்திப் பாருங்கள்.

மாசிக்காய் எழுதியது:

இடையே நுழைவதற்குப் பொறுத்தருள்க. வாங்குவதைப் பற்றியே பேச்சு போவதால், வாங்கிய பின் செய்யக்கூடாதவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மடிப்பை நீக்கத் தாளைத் தேய்ப்புப்பெட்டியால் அழுத்தாதீர்கள், புடைப்பு முத்திரை தட்டையாகிவிடும், பிறகு அது திரும்பாது. கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். பி.வி.சி. கலந்த உறைகள் தாளைக் கெடுக்கும் என்பதால் பாலியஸ்டர் உறைகளையே பயன்படுத்துங்கள். மாசிக்காய் மை அமிலத்தன்மை உடையது. ஈரப்பதம் மிகுந்தால் கையொப்பத்தின் கோட்டிலேயே தாள் வெடிக்கும். அத்தகைய தாளை நீரில் நனைத்துத் தூய்மை செய்ய முயன்று கையொப்பத்தையே இழந்தவன் நான்.

ரஷ்யாவுக்குள் இருக்கும் விற்பனையாளரிடம் வாங்குவதாக இருந்தால், 100 ஆண்டுக்கு மேற்பட்ட பண்பாட்டுப் பொருள்களை அந்நாட்டிலிருந்து வெளியே கொண்டுவர அரசின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அனுமதித்தாள் இல்லாமல் அஞ்சலில் அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

நெடுந்தாள் எழுதியது:

இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒன்றின் மீது ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இரண்டு கையொப்பங்கள் சுழிவும் இழுப்பும் உட்பட முழுவதும் ஒன்றிவிட்டன. மூன்றாவது, உங்கள் தாளில் கறை படிந்த இடத்தில் இருப்பதால் ஒப்பிட முடியவில்லை. விற்பனையாளர் சொன்னது உண்மைதான் என்று ஏற்கிறேன். அவர் வேறொரு நாட்டில் இருப்பதால் ரஷ்ய அனுமதி பற்றிய சிக்கல் எழாது, ஆயினும் தாள் எங்கிருந்து வந்தது என்பதை எழுதித் தருமாறு கேட்டிருக்கிறேன்.

போலியை வாங்கினால் அதன் பக்கத்தில் வைக்க அதே காலத்து உண்மையான 25 ரூபிள் தாளும் வேண்டும் என்று இப்போதே தோன்றத் தொடங்கிவிட்டது. அது கிடைக்குமா?

ஓரமடிப்பு எழுதியது:

கிடைக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும். 1839இல் நிதியமைச்சர் கன்க்ரின் மூன்றரை காகித ரூபிளுக்கு ஒரு வெள்ளி ரூபிள் என்று விகிதத்தை உறுதி செய்து, 1843 முதல் அசிக்னாத்சியாவுக்குப் பதிலாகக் கடன் தாள்கள் என்னும் புதிய பணத்தாள்களைக் கொண்டுவந்தபோது, பெரிய மதிப்புத் தாள்களை வைத்திருந்தவர்கள்தான் முதலில் ஓடிச்சென்று மாற்றிக்கொண்டிருப்பார்கள். 5 ரூபிளை மறந்துபோகலாம், 25 ரூபிளை யார் மறப்பார்கள்? எனக்குத் தெரிந்த அளவில் ஏலங்களில் போலிதான் அடிக்கடி தலைகாட்டுகிறது. அதுவரை 1819 வரிசையின் நீலத்தாளை அதன் பக்கத்தில் வையுங்கள். அடுத்த ஏலத்தில் ஒன்று வருகிறது, பட்டியல் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஓரத்தில் சிறு கிழிசல் உண்டு, காசாளரின் கையொப்பம் தெளிவாக இருக்கிறது.